பணியிடப் பாகுபாடும் பால்புதுமையரும்: பழனிமலைப் பகுதியை முன்வைத்து

திருநர் ஒருவருக்கு வேலை தர மறுப்பதையும், வேலையில் இருப்பவரைத் திருநர் என்பதற்காக நீக்குவதையும் 2019 ஆம் ஆண்டின் திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் தடை செய்கிறது. தன்பாலீர்ப்பு கொண்ட ஆணையோ பெண்ணையோ, இருபாலீர்ப்பு கொண்டவரையோ தனியார் பணியிடத்தில் பெயர் சொல்லிக் காக்கும் சட்டம் நாடாளுமன்றத்திலும் இயற்றப்படவில்லை, தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இயற்றப்படவில்லை. திருநருக்குத் தடை இருக்கிறது, அதை மீறியவருக்குத் தெளிவான தண்டனை இல்லை. மற்றப் பால்புதுமையரைப் பொறுத்தவரை தடையே இல்லை. கொடைக்கானலிலும் அதைச் சுற்றிய பழனிமலை ஊர்களிலும் நடக்கும் வேலைகளின் தன்மையோடு சேர்த்துப் பார்த்தால், இந்தக் குறைகள் எவ்வளவு ஆழமானவை என்பது புலப்படும்.

கொடைக்கானல் நகரில் பிழைப்பு என்பது லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே, உணவகம், சாக்லேட் கடை, டாக்சி, ஏரிக்கரைக் குதிரைச் சவாரி. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காப்பியும் மிளகும் மலைவாழையும். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சியில் பூண்டும் உருளையும் கேரட்டும். இவற்றோடு நூறாண்டு கடந்த உறைவிடப் பள்ளிகள், அரசு அலுவலகங்கள், 1984 இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பள்ளியையும் அரசையும் விட்டுவிட்டால், நியமனக் கடிதம் கையில் வாங்கி வேலைக்குச் சேர்ந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிறிய லாட்ஜுகளில் வேலையாட்கள் தங்குவதும் அங்கேயேதான். சமையலறைக்குப் பின்னாலோ படிக்கட்டுக்கு அடியிலோ உள்ள ஓர் அறையில் நான்கைந்து பேர் படுப்பார்கள். யாருடைய கைப்பேசிக்கு யாரிடமிருந்து அழைப்பு வருகிறது, விடுமுறை நாளில் யார் எங்கே போகிறார் என்பதெல்லாம் அடுத்த பாயில் படுத்திருப்பவருக்குத் தெரியும். அறையில் கிளம்பும் கேலி மறுநாள் கல்லாவுக்குப் போய்விடும். முதலாளி காரணம் எதுவும் சொல்ல மாட்டார். "சீசன் முடிஞ்சிருச்சுப்பா, ஊருக்குப் போயிட்டு வா, ஆள் வேணும்னா கூப்பிடுறேன்" என்பதோடு கணக்கு முடிந்துவிடும். வேலையோடு படுக்கையும் அன்றே போகிறது. தோட்டத்தில் இது இன்னும் எளிது: நாளைக்கு உனக்கு வேலை இல்லை என்று மேஸ்திரி சொன்னால் போதும். பாகுபாடு நடந்தது என்பதற்கு ஒரு துண்டுத் தாள்கூட மிஞ்சாத இடங்கள் இவை. பணியிடப் பாதுகாப்புச் சட்டம் எதுவானாலும் இந்த அறையிலும் இந்தத் தோட்டத்திலும் அது செல்லுபடியாகிறதா என்பதே அதற்கான சோதனை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் அல்ல. திருநங்கையர் நல வாரியம் இங்கே 2008 ஏப்ரலிலேயே அமைந்தது. வேலை தொடர்பான உரிமை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டதிலும் தமிழ்நாட்டு வழக்குகளுக்கு முதன்மையான இடம் உண்டு. கரூர் மாவட்டத்தில் பெண் காவலராகத் தேர்வான ஒருவர், மருத்துவப் பரிசோதனையின் முடிவைக் காட்டித் திருநர் என்று முத்திரை குத்தப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்தவர், பெண்ணாகவே படித்தவர் அவர். 2014 ஏப்ரலில் நீதிபதி எஸ்.நாகமுத்து அந்த நீக்கத்தை ரத்து செய்தார். தம் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவருக்கே உரியது, மருத்துவச் சான்றைக் காட்டி அதைப் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதே மாதம் 15 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் திருநரின் பாலின அடையாளத்தை அடிப்படை உரிமையாக ஏற்றிருந்தது.

அடுத்தது பிரித்திகா யாஷினியின் வழக்கு. சேலத்தைச் சேர்ந்த திருநங்கையான அவர் காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்தன, விண்ணப்பம் தள்ளப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் அவர் எழுத்துத் தேர்வையும் உடல்தகுதித் தேர்வையும் கடந்தார். 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான அமர்வு, அவர் பணிக்குத் தகுதியானவர் என்று தீர்ப்பளித்தது. 2017 இல் தருமபுரி மாவட்டத்தில் அவர் பணியேற்றார். இவை இரண்டுமே அரசு வேலைகள் என்பதை மறக்கக் கூடாது. அரசைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 14, 15, 16 ஆம் பிரிவுகள் இருந்தன. லாட்ஜ் முதலாளியை அவை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சட்டம் வேண்டியிருந்தது.

அதற்கான முதல் முயற்சியும் தமிழ்நாட்டிலிருந்தே போனது. மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று அந்த அவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று ஒரு அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளுக்குப் பின் அதுவே முதல்முறை. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு அதில் இருந்தது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஒன்றிய அரசு 2016 இல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது; பல திருத்தங்களுக்குப் பின் அது 2019 சட்டமாகி, 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. இடஒதுக்கீடு அதில் இல்லை. மாநில அளவில் கர்நாடகம் 2021 இல் அரசு வேலைகளில் 1 சதவீதத்தை ஒதுக்கி முந்திக்கொண்டது.

2019 சட்டத்தின் 3 ஆம் பிரிவு, நபரானாலும் நிறுவனமானாலும் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வேலையில் நியாயமற்ற நடத்தை, வேலை மறுப்பு, வேலைநீக்கம் மூன்றும் அதில் அடக்கம். தங்கவும் வாடகைக்கு எடுக்கவும் இடம் தர மறுப்பதும் அடக்கம். வேலையும் படுக்கையும் ஒன்றாக இருக்கும் மலையூருக்கு இந்தக் கடைசிப் பகுதி மிக முக்கியமானது. கொச்சி மெட்ரோ ரயில் 2017 இல் திருநங்கையரை வேலைக்கு எடுத்துப் பாராட்டுப் பெற்றது. ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவர்களில் சிலர் வேலையையே விட நேர்ந்தது. 9 ஆம் பிரிவு ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. 11 ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. 2020 செப்டம்பரில் வந்த விதிகள் இன்னும் விரிவானவை: சமவாய்ப்புக் கொள்கையை எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும், எல்லாப் பாலினருக்கும் பொதுவான கழிப்பறை வசதி, பாதுகாப்பு, ஊழியரின் பாலின அடையாளம் பற்றிய இரகசியம் காத்தல் ஆகியவை அதில் இருக்க வேண்டும், புகார் வந்தால் 15 நாளில் விசாரணை, அறிக்கை வந்தபின் 15 நாளில் நடவடிக்கை.

படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தண்டனையைச் சொல்லும் 18 ஆம் பிரிவுக்கு வந்தால் நிலைமை வேறு. கட்டாய உழைப்பு வாங்குதல், பொது இடத்தில் நுழைய விடாமை, வீட்டையும் ஊரையும் விட்டுத் துரத்துதல், உடலாலும் சொல்லாலும் பாலியல் ரீதியாகவும் பொருளாதார ரீதியாகவும் துன்புறுத்தல்: இவற்றுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வேலை மறுப்பும் வேலைநீக்கமும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பொருளாதாரத் துன்புறுத்தல் என்பதற்குள் அவையும் வரும் என்று வழக்கறிஞர் வாதாடலாம். சட்டம் தானே அதைச் சொல்லியிருக்க வேண்டும். இழப்பீடு எவ்வளவு, அதை யாரிடம் கேட்பது, மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு என்பதற்கும் சட்டத்தில் விடை இல்லை.

நிறுவனம் என்பதற்கான வரையறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அரசு அமைப்பு, கம்பெனி, கூட்டு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், அறக்கட்டளை, முகமை என்று வரையறை நீள்கிறது. தன் பெயரில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் தனிமனிதர் அதற்குள் வருகிறாரா என்பது தெளிவாக இல்லை. 3 ஆம் பிரிவின் தடை அவரையும் பிடிக்கும், ஏனெனில் அங்கே நபர் என்ற சொல் இருக்கிறது. புகார் அலுவலரையும் 15 நாள் விசாரணையையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. தோட்டத் தொழிலாளருக்கென வந்த 1951 ஆம் ஆண்டுச் சட்டமும் 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டத்திலிருந்துதான் பேசத் தொடங்கியது. கீழ்மலையின் சிறுதோட்டங்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றன. சிறிய முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்குச் சட்டம் எப்போதும் எட்டாத தூரத்திலேயே நிற்கிறது. திருநர் சட்டம் அந்தப் பழைய குறையையும் சுமந்தே பிறந்திருக்கிறது.

இந்தச் சட்டம் ஏட்டளவிலேயே கிடப்பதை உச்ச நீதிமன்றமே கடுமையாகச் சுட்டிக்காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த திருநங்கை ஷானவி பொன்னுசாமி, பெண்களுக்கென அறிவிக்கப்பட்ட விமானப் பணிப்பெண் வேலை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து 2017 இல் அந்த நீதிமன்றத்தை அணுகினார். திருநரின் வேலைவாய்ப்புக்கு ஒரு கொள்கை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவு வர 2022 செப்டம்பர் ஆனது. பின்னர் ஜேன் கௌஷிக் என்ற ஆசிரியையின் வழக்கு வந்தது. திருநங்கை என்பது தெரிந்ததும் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை போனது, குஜராத்தில் இன்னொரு தனியார் பள்ளியில் கிடைத்த வேலையில் சேர முடியாமல் போனது என்பது அவருடைய முறையீடு. 2025 அக்டோபர் 17 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அவருக்கு இழப்பீடு வழங்கியது. குஜராத் பள்ளியும் அதில் பங்கு தர வேண்டும் என்றது. சட்டத்தைச் செயல்படுத்தாத அரசுகளும் பொறுப்பாக்கப்பட்டன. சமவாய்ப்புக் கொள்கையை வகுக்க, டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைக்கப்பட்டது. வளாகத்துக்குள்ளேயே ஆசிரியர்கள் குடியிருக்கும் பள்ளிகள் நிறைந்த கொடைக்கானலுக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்துகிறது.

இதுவரை சொன்னது திருநரின் நிலை. தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளரின் நிலைக்கு வந்தால் காலூன்றி நிற்க இடமே குறைவு. 1860 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு, தன்பாலீர்ப்பாளரின் வாழ்க்கையையே குற்றமாக்கி வைத்திருந்தது. அலிகார் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ், தம் வீட்டுக்குள் நடந்ததற்காக 2010 இல் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அதற்குத் தடை விதித்தது. ஒரு வாரத்துக்குள் அவர் இறந்துவிட்டார். 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயதுவந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு தடுக்கும் பாலினப் பாகுபாட்டுக்குள் பாலீர்ப்பு சார்ந்த பாகுபாடும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. அதன் பலன் அரசு ஊழியருக்குக் கிடைக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஆண் துணையுடன் இருந்த காணொளி வெளியானதால் நீக்கப்பட்ட ஊர்க்காவல் படைவீரரை, 2021 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் மீண்டும் பணியில் சேர்த்தது. அவரே ஓட்டலில் சமையல்காரராக இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பைக் கேட்டு வாங்க வழி இருந்திருக்காது.

சென்னை உயர் நீதிமன்றம் இங்கே தன்னால் இயன்ற தூரம் நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தந்த உத்தரவு, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடுத்தது. காவலர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2022 இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது: பால்புதுமையரையும் அவர்களுக்காக உழைப்போரையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது. இதன் பயன் சிறிதல்ல. வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர் காவல் நிலையத்துக்குப் போகவாவது துணிவார். போனபின் எந்தச் சட்டப் பிரிவில் புகாரைப் பதிவது என்ற கேள்விக்குத்தான் அங்கேயும் பதில் இல்லை.

இருக்கிற பொதுச் சட்டங்களில் சில பக்கவழிகள் உண்டு. 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41 ஆம் பிரிவின்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றியும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். சாக்லேட் கடை ஊழியர் இதைப் பயன்படுத்தலாம். சீசனுக்கு மட்டும் வந்தவருக்கு 6 மாதக் கணக்கு நிரம்பாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் பெண்களுக்கானது. கேலியிலும் தொடுதலிலும் சிக்கித் தவிக்கும் ரூம் பாயை அது காணாது. 377 ஐ உச்ச நீதிமன்றம் சுருக்கியபோதும் மனமொவ்வாத செயலுக்கு அது தொடர்ந்து பொருந்தியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதை அந்தப் பிரிவையே விட்டுவிட்டதால், வயதுவந்த ஆண் மீது நடக்கும் வன்புணர்வைப் பெயர் சொல்லும் பிரிவு இல்லாமல் போயிற்று. ஒரே அறையில் பலர் படுக்கும் வேலையிடங்களுக்கு இது பெருங்கேடு.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சிறு முன்னேற்றம் உண்டு. சம ஊதியத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும் பார்த்த 1976 சட்டத்தின் இடத்தில், பாலின அடிப்படையில் ஊதியத்திலும் ஆளெடுப்பிலும் பாகுபாடு கூடாது என்கிறது ஊதியத் தொகுப்பு. கழிப்பறை, குளியலறை வசதியில் திருநர் ஊழியரையும் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பாலீர்ப்பு எதிலும் இல்லை. தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில் வெளியிட்டதும் திருநருக்கான மாநிலக் கொள்கைதான்.

பிற நாடுகளில் இதற்கு இரு வழிகள் கையாளப்பட்டுள்ளன. அமெரிக்கா பழைய சட்டத்துக்குப் புதிய விளக்கம் தந்தது: பாலின அடிப்படையில் வேலையில் பாகுபாடு கூடாது என்ற 1964 சட்டம் தன்பாலீர்ப்பாளரையும் திருநரையும் காக்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 15 அன்று தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்கா 1996 அரசியலமைப்பிலேயே பாலீர்ப்பை எழுதி வைத்தது. 1998 இல் வேலைச் சட்டத்திலும் சேர்த்தது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் இங்கே கற்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கருதத்தக்க விவரங்களைத் தொழிலாளி காட்டிவிட்டால், நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்குப் போய்விடும். தாளே இல்லாத வேலையிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. தமிழர் பெருவாரியாக உழைக்கும் சிங்கப்பூர், ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஏ பிரிவை 2022 இல் நீக்கியது. ஆனால் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டத்தில் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் சேர்க்காமல் விட்டது. இலங்கையில் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365-ஏ பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை. குற்றப்பிரிவு போனால் பணியிடப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது என்பதற்குச் சிங்கப்பூர், குற்றப்பிரிவு போகாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசவே முடியாது என்பதற்கு இலங்கை.

இந்தியாவில் பொதுவான பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டத்துக்கு முயற்சி நடக்காமல் இல்லை. சசி தரூரின் பாகுபாட்டு எதிர்ப்பு மற்றும் சமத்துவ மசோதா மக்களவையில் அறிமுகமானது, சட்டமாகவில்லை. நாடாளுமன்றம் அசையும்வரை மாநிலம் காத்திருக்கத் தேவையும் இல்லை. தொழிலாளர் நலன், தொழில் தகராறு, வேலைவாய்ப்பு மூன்றும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. அப்படி வரும் மாநிலச் சட்டம் பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; தனிமனித முதலாளியையும் சேர்க்க வேண்டும்; வேலையோடு தரப்படும் தங்குமிடத்தையும் காக்க வேண்டும். புகார் தருபவரின் அடையாளம் வெளியே போகாமல் விசாரிப்பது இவற்றிலெல்லாம் முதன்மையானது, ஏனெனில் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தாலேயே பெரும்பாலான புகார்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

புகாரைக் கேட்கும் அதிகாரி மலையிலேயே இருக்க வேண்டும் என்பதும் சிறிய விஷயம் அல்ல. மாவட்டத் தலைநகர் திண்டுக்கல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கீழே. உயர் நீதிமன்றக் கிளை மதுரையில். ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து யாரும் இரண்டாம் முறை போக மாட்டார்கள். கொடைக்கானலில் கோட்டாட்சியர் இருக்கிறார். விசாரணை அதிகாரத்தை அவரிடமே தரலாம். 2001 இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள், பாதரசப் பாதிப்புக்காகச் சங்கமாகச் சேர்ந்து போராடியும், 591 பேருக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் வந்தது. சங்கமும் துணையும் இருந்தவர்களுக்கே அத்தனை ஆண்டுகள் ஆயின. தன்பாலீர்ப்பின் காரணமாக நீக்கப்படும் தொழிலாளி தன்னந்தனி ஆள். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் காரணத்தைச் சொல்ல முடியாதவர்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் அதே 1947 கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற ஒரே ஒரு பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர் உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. பல ஆண்டுகளாக நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சிறு திருத்தம் சட்டப்படியான உரிமையைக் கொடுத்தது. பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ காரணமாக்கி எவருக்கும் வேலை மறுக்கவோ எவரையும் நீக்கவோ கூடாது என்ற இன்னொரு பிரிவை அதே சட்டத்திலும், ஓட்டல்களுக்கான 1958 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தண்டனையோடு சேர்க்கும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இன்றும் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்கும்படி மலையிலுள்ள தொழிற்சங்கங்களும் வாக்காளர்களும் வற்புறுத்த வேண்டும்.